பல்வலிக்கு மாத்திரை: வைத்தியமா, வாய்தாவா?

இங்கே சினிமாவும் கிரிக்கெட்டும் படித்துப் பழகியவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் படிக்கிற படிப்பைப் பற்றியே எழுதுகிறேன். நான் பல் மருத்துவ மாணவன், நான்காம் வருடம். அதனால் இதில் "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் பல் டாக்டர்களையும், என்னைப் போல இனி ஆகப்போகிறவர்களையும் குறிக்கும். அடி முதலில் எங்களுக்குத்தான். அப்புறம் உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன் :)

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. "கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை" என்கிற மாதிரித் தேவையில்லை அல்ல. கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, கொடுத்தால் கெடுதல் உண்டு என்கிற தேவையில்லை.

வழக்கை நடத்த இஷ்டமில்லாத வக்கீல் என்ன செய்வார்? வாய்தா வாங்குவார். பல்லில் கை வைக்க நேரமோ மனமோ இல்லாத டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதுகிறார். இரண்டும் ஒன்றுதான். என்ன, கோர்ட்டில் வாய்தா என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே அதற்கு வைத்தியம் என்று பெயர்.

பல்லுக்குள்ளே என்ன நடக்கிறது?

பல்லுக்கு நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற மெத்தென்ற சதை இருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் பற்கூழ். சொத்தை ஆழமாகப் போய் அதைத் தொடும்போது அது வீங்குகிறது. கையில் அடிபட்டால் தோல் கொஞ்சம் உப்பி இடம் கொடுக்கும். பல்லுக்குள் எங்கே இடம்? சுற்றிலும் கல் மாதிரிச் சுவர். வீங்க வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கிறதே, அது இதுதான்.

இந்தக் கட்டத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வலி குறையுமா? அமெரிக்காவில் 40 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து 2000-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குப் பெனிசிலின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. வலிநிவாரணி எல்லோருக்கும். முடிவில் இரண்டு கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "இல்லை, குறையும்" என்று காட்டும் ஆய்வை எதிர்த்தரப்பு இன்னும் கொண்டுவரவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சலித்தெடுக்கும் காக்ரேன் அமைப்பு 2019-ல் மறுபடி தேடியபோதும் அவர்கள் கணக்கில் தேறியது இந்த ஒன்றுதான்.

அடுத்த கட்டத்தில் அந்தச் சதை செத்துப்போகிறது. வேரின் நுனியில் சீழ் சேர்கிறது. "இப்பவாவது மாத்திரை வேணுமே!" என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகும் இடத்துக்குத்தான் போகும். செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. கிருமிகள் குடும்பம் நடத்துவது அந்தச் செத்த அறைக்குள். ரோடே இல்லாத ஊருக்கு பஸ் விட்ட கதைதான். வேர் நுனிக்கு வெளியே கசிந்து வந்த நாலு கிருமியை மாத்திரை அடக்கும். உள்ளே இருக்கும் தலைமைச் செயலகத்தைத் தொடாது.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் நம் வீட்டுப் பாட்டி என்ன செய்வார்? முள்ளை எடுப்பார். முள்ளை உள்ளேயே விட்டு ஐந்து நாள் மாத்திரை சாப்பிடச் சொன்னால் சிரிப்பார். சொத்தைப் பல் ஒரு முள். ஒன்று பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும் (அதுதான் ரூட் கேனல்). அல்லது சீழைக் கீறி வெளியே விட வேண்டும். அல்லது பிடுங்க வேண்டும். மூன்றுமே கைவேலை.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: உடனே பல் சிகிச்சை செய்ய முடியும் என்றால், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு பல்வலிக்கும், ஒரே இடத்தில் நிற்கும் சீழ்க்கட்டிக்கும்கூட ஆன்டிபயாடிக் வேண்டாம்.

"ஆனா எனக்கு கேட்டுச்சே!"

இந்த வசனத்தை ஓ.பி.யில் தினமும் கேட்கலாம். "போன தடவை மூணு நாள் மாத்திரை போட்டேன், வலி போயிடுச்சு." பொய் சொல்லவில்லை, வலி நிஜமாகவே போயிருக்கும். ஏன் போனது என்பதில்தான் கணக்கு தப்புகிறது.

ஒன்று, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து வலி மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். வேலை செய்தது அது. பெயர் வாங்கியது இது.

இரண்டு, பற்கூழ் முழுவதும் செத்துப்போனால் நரம்பும் சாகும். வலி நின்றது பல் பிழைத்ததால் இல்லை, பல் செத்ததால். மாத்திரை போடாவிட்டாலும் நின்றிருக்கும்.

மூன்று, சீழ் தானாகவே ஈறில் ஒரு ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். ஈறில் சின்னப் பரு மாதிரி வந்து போகிறது என்பார்களே, அதுதான். அழுத்தம் இறங்கியதும் வலி இறங்கும். புகழ் மட்டும் மாத்திரைக்கு!

மூன்று கதையிலும் பல் அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே ஆள், அதே பல், இன்னும் பெரிய வீக்கத்தோடு வருவார். இந்தத் தடவை "போன தடவை கேட்ட மாத்திரையே" எழுதச் சொல்வார். வாய்தாவுக்கு மேல் வாய்தா.

எப்போது கட்டாயம் வேண்டும்?

"அப்போ ஆன்டிபயாடிக்கே விஷம்னு சொல்றியா?" என்று கிளம்பிவிடாதீர்கள். சில நேரம் அது உயிர் காக்கும். தொற்று பல்லைத் தாண்டிப் பரவ ஆரம்பித்ததற்கு அடையாளங்கள் உண்டு. காய்ச்சல், உடம்பு முடியாமல் போவது, கன்னத்திலிருந்து கழுத்துக்கோ கண்ணுக்கோ ஏறும் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்குக்கு அடியில் வாயின் தரையே மேலே எழும்புவது. கீழ்த்தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் இப்படிப் பரவுவதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். மூச்சுக்குழாயை அடைத்து ஆளையே கொன்றுவிடும். அங்கே மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரி. அங்கேயும் ஊசி மருந்து மட்டும் போதாது, சீழை வெளியேற்றியாக வேண்டும்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக்கோளாறு உள்ளவர்கள்... இவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முன்னால் தற்காப்பாகக் கொடுக்கிறோம். அதுவும் எவ்வளவு? அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே ஒரு வேளை, 30 முதல் 60 நிமிடம் முன்பு. அமெரிக்க இதயச் சங்கம் 2007-லேயே இந்தப் பட்டியலை வெகுவாகச் சுருக்கிவிட்டது. இங்கிலாந்தில் 2008-ல் இந்தத் தற்காப்பு மருந்தே வேண்டாம் என்று சொல்லி, 2016-ல் "வழக்கமாக வேண்டாம்" என்று திருத்திக்கொண்டார்கள். சர்ச்சை ஒரு வேளை மருந்தைப் பற்றியே நடக்கிறது. நாமோ ஆரோக்கியமான 25 வயதுப் பையனுக்கு ஒரு பல் பிடுங்கிவிட்டு ஐந்து நாளைக்குப் பதினைந்து மாத்திரை கட்டிக் கொடுக்கிறோம்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுக்கும்போது ஆன்டிபயாடிக் கொடுத்தால் தொற்று குறைகிறது என்று காக்ரேன் 2021-ல் சொன்னது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க சுமார் 19 ஆரோக்கியமான ஆட்களுக்கு மருந்து கொடுக்க வேண்டும். அந்த 18 பேருக்கும் வயிற்றுப்போக்கும் அலர்ஜியும் மட்டும் லாபம். கடினமான அறுவையில் டாக்டர் யோசித்து முடிவெடுக்கட்டும். ஆடுகிற பல்லைப் பிடுங்கியதற்கு இந்தச் சாட்சியைக் கூப்பிடக் கூடாது.

சாக்குகள், ஒவ்வொன்றாக

"வீக்கம் வத்தட்டும், அப்புறம் பிடுங்கலாம்." தமிழ்நாட்டில் பல் டாக்டர் வாயில் அதிகம் வரும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை அதிகம், அதனால் அங்கேயே போட்டால் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது, உண்மைதான். அதற்காகத்தான் வீக்கத்துக்குத் தள்ளி, நரம்பு வரும் வழியிலேயே ஊசி போட எங்களுக்கு மூன்றாம் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். தொற்றின் மூலத்தை எடுத்தால்தான் வீக்கம் வற்றும். வற்றிய பிறகு எடுப்பேன் என்பது, தீ அணையட்டும், அப்புறம் தண்ணீர் ஊற்றுகிறேன் என்பது மாதிரி.

"பேஷன்ட் தூரத்துலேர்ந்து வர்றார், மறுபடி வரமாட்டார்." அப்படியானால் இன்றைக்கே வேலையை முடிப்பதற்குத்தானே அது காரணம்? பல்லைத் திறந்து அழுத்தத்தை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? நிஜமாகவே அன்றைக்கு எதுவும் செய்ய வழியில்லாத இடம் உண்டு. அங்கே சீழ்க்கட்டி இருந்தால் மருந்து கொடுக்க மேலே சொன்ன வழிகாட்டியே இடம் தருகிறது. ஆனால் நாற்காலி, கருவி, கரண்ட் எல்லாம் இருக்கிற டவுன் கிளினிக்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

"ஒரு சேஃப்டிக்கு." எதற்கு சேஃப்டி? கருவி சுத்தமாக இல்லை என்ற பயம் என்றால், அதற்கு ஆட்டோகிளேவ் இருக்கிறது. டாக்டர் கொதிக்க வைக்காத கருவிக்கு நோயாளியின் குடல் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

"நான் எழுதலைன்னா பக்கத்துத் தெரு டாக்டர் எழுதுவார். எனக்கு பேஷன்ட் போயிடும்." இது ஒன்றுதான் நேர்மையான சாக்கு. இதற்கு என்னிடம் மருத்துவ பதில் இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எக்ஸ்ரேயைக் காட்டி, "இந்த ஓட்டையை மாத்திரை அடைக்காதுங்க" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதுதான் பிரச்சினையே.

எழுதுவதாவது சரியாக எழுதுகிறோமா? ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து வருகிறதே, பல்வலிச் சீட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். இந்தக் கலவை, உலக சுகாதார நிறுவனம் "பரிந்துரைக்கப்படாதவை" என்று ஒதுக்கிய பட்டியலில் இருக்கிறது. ஆஃப்லாக்சசின் சேர்ந்த அந்த மருந்துக் குடும்பம் தசைநாரைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-லேயே கட்டம் போட்டு எச்சரித்தது. உண்மையிலேயே மருந்து தேவைப்படும் பல் தொற்றுக்கு அதே உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட கையேடு முதலில் சொல்வது சாதாரண அமாக்சிசிலின். பல்லுக்குச் செய்ய வேண்டிய கைவேலையைச் செய்துவிட்டால் மூன்று நாள் போதும்.

இனி உங்கள் பங்கு

மெடிக்கல் ஷாப்பில் போய் "பல்வலிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்கிறீர்கள். அவரும் கலர் கலராக நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருகிறார். அதில் ஒன்று ஆன்டிபயாடிக். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எதுவும் உங்களுக்குத் தெரியாது.

பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் உரை நிகழ்த்தும்போது இதைத்தான் சொல்லி பயந்தார். கடையில் யார் வேண்டுமானாலும் பெனிசிலின் வாங்கும் காலம் வரலாம், விவரம் தெரியாதவர்கள் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமிகளைச் சாகடிக்காமல் பழக்கிவிடுவார்கள் என்றார். அவர் "வரலாம்" என்று சொன்ன காலத்தில்தான் நாம் கடைவாசலில் சில்லறையோடு நிற்கிறோம்.

மருந்து அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். மத்திய அரசு 2016-ல் அதற்காகப் பிரச்சாரமே நடத்தியது. 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த எச்-1 பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. பதிவேடும் எங்கேயோ இருக்கும். கேரளாவில் 2024-ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் விற்கும் கடைகளைச் சோதனை போட ஆரம்பித்தார்கள். இங்கேயும் முடியும், செய்ய வேண்டும்.

இன்னொன்று. "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்" என்ற பயத்தில் வருடக்கணக்காக மாத்திரையிலேயே ஓட்டுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கண்ணுக்கு வரும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பல்லைப் பிடுங்கியதால் கண் போகாது. பிடுங்காமல் விட்ட பல்லின் சீழ் கண் பக்கம் ஏறினால்தான் ஆபத்து. இதை உங்கள் அத்தைக்கும் பாட்டிக்கும் எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரி போஸ்டரைவிட உங்கள் பேச்சு அதிகம் எடுபடும்.

பல்லுக்கு எழுதும் நாலு மாத்திரையாலா உலகம் கெடும்?

நியாயமான கேள்வி. அமெரிக்கக் கணக்குப்படி, ஆஸ்பத்திரியில் படுக்காத நோயாளிகளுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக் சீட்டுகளில் சுமார் 10 சதவிகிதம் பல் டாக்டர்கள் எழுதுவது. அதே நாட்டில், பல் சிகிச்சைக்கு முன் தற்காப்பாகக் கொடுத்தவற்றில் சுமார் 80 சதவிகிதம் தேவையற்றவை என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கட்டுப்பாடு உள்ள ஊரிலேயே இந்த லட்சணம்!

மாத்திரை பல்லுக்கு மட்டும் போவதில்லை. குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் அது தொடுகிறது. பலவீனமானது சாகும், மருந்துக்கு அடங்காதது மிஞ்சிப் பெருகும். அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கற்றுக்கொடுக்கும். இது உவமை இல்லை, மரபணுத் துண்டையே கைமாற்றிக்கொள்கின்றன.

2010-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையே முறியடிக்கும் என்.டி.எம்-1 பற்றியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். அதைச் சுமந்த கிருமிகள் சென்னை மாதிரிகளில் மட்டும் 44. பெயரில் டெல்லி இருக்கிறதே என்று நாடே சண்டை போட்டது. சென்னை எண்ணிக்கையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அந்த 44-க்கும் பல் டாக்டர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி நம் ஊர் விலாசத்தில்தான் இருக்கிறது என்கிறேன். 2012-ல் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும் அதனால்தான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-ல் லான்செட் மதிப்பிட்டது. அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய் சிகிச்சை எல்லாம் இந்த மருந்துகளை நம்பித்தான் நடக்கின்றன. நாளைக்கு அங்கே தேவைப்படும் மருந்தை இன்றைக்குச் சொத்தைப் பல்லில் வீணடிக்கிறோம்.

கடைசியாக, என் பேட்ச் மக்களுக்கு

2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநர், மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் கட்டாயம் எழுதுங்கள் என்று. ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் இதைவிட நல்ல மருந்து இந்த வியாதிக்கு எனக்குத் தெரியவில்லை. "காய்ச்சல், பரவும் வீக்கம்" என்று எழுத முடிந்தால் எழுதலாம். "பேஷன்ட் கேட்டார்", "எனக்கு நேரமில்லை", "எதற்கும் இருக்கட்டும்" என்று சீட்டில் எழுத யாருக்காவது தைரியம் வருமா? வராது இல்லையா? அப்படியானால் மாத்திரையையும் எழுதாதீர்கள்.

அடுத்த வருடம் இன்டர்ன்ஷிப்பில் சீட்டு எழுதும் பேனா நம் கைக்கு வருகிறது. சீனியர் எழுதுவதைப் பார்த்து எழுதுவதுதான் அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை யாராவது ஒரு பேட்ச் உடைத்தாக வேண்டும். கேஸ் ஷீட்டில் ஒரு வரி காரணம், அவ்வளவுதான் கேட்கிறேன். நாலு வருடம் கை பழகியது பல்லில் வேலை செய்வதற்கு. வாய்தா வாங்க இவ்வளவு படித்திருக்க வேண்டாம்.

டிஸ்கி: இது பொதுவான கட்டுரை, உங்கள் பல்லுக்கான ஆலோசனை இல்லை. டாக்டர் எழுதிய மருந்தை இதைப் படித்துவிட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள். "இது எதுக்கு டாக்டர்?" என்று அவரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.